முழுத்திரையில் ஒரு விசாரணை

திரையில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் படம் வந்து விரிந்தபோது அவளுடைய கைகள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தன. அவள் நிறுத்தவில்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் பாதியில் கையைக் கீழே போட்டால், அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். அதனால் ஒரு கண்ணால் படத்தைப் பார்த்துக்கொண்டே, காதில் விழுவதைக் கைக்கு மாற்றிக்கொண்டே போனாள். படுக்கையறைச் சுவரில் கருநீலப் போர்வை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். விரல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்புச் சட்டை. மோதிரத்தைக் கழற்றிப் பேனா டப்பாவில் போட்டிருந்தாள். இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு மனிதர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

அந்த மனிதர் ஒரு பெரிய கிடங்கில் பெட்டிகளை அடுக்குகிறவர். பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் உலகத்தில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுவதையே சைகையாக்கிப் பெயர் சூட்டிவிடுவார்கள். மீசையை முறுக்கும் சைகைதான் அவர் பெயர். ஆகவே மீசைக்காரர். மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு பெயர் உண்டு. இரண்டு விரலைப் புருவங்களுக்கு நடுவில் வைத்துச் சுருக்கினால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம்: முறைக்கிறவள். சின்ன வயதில் அம்மாவின் சிநேகிதிகள் வைத்தது. அம்மாவுக்கும் காது கேட்காது. பெயர் சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது என்று அவளை அறிந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

கிடங்கின் மனிதவள அதிகாரிக்கும் மீசைக்காரர் ஒரு பெயர் வைத்திருந்தார். கட்டைவிரலால் பேனாவின் மண்டையைத் தட்டித் தட்டி டிக் டிக்கென்று அமுக்குவது. தன் கிடங்கில் தன்னைப் பேனா என்று கூப்பிடும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது பேனாக்காரருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

நடப்பது விசாரணை. கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பாதையில் இருந்த மீசைக்காரர் நகரவில்லை. வண்டி ஒடித்துத் திரும்பி அலமாரியில் மோத, மேலிருந்த பெட்டிகள் சரிந்து இன்னொரு தொழிலாளியின் கால் முறிந்தது. எச்சரிக்கையை மதிக்கவில்லை, வேலையை விட்டு நீக்கலாமா என்பதுதான் கேள்வி. காது கேட்காத மனிதர் ஹாரனை மதிக்கவில்லை என்று குற்றச்சாட்டு எழுதியவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதினார் என்று அவளுக்கு முதல் நாளே ரத்தம் கொதித்தது. அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். மீசைக்காரருக்காகவே எல்லா வண்டியிலும் மஞ்சள் சுழல்விளக்கு பொருத்தியிருக்கிறோம், அன்று விளக்கு எரிந்தது, பார்த்தும் நகரவில்லை என்றார்கள். அன்று விளக்கு எரிந்ததா இல்லையா என்பதில்தான் அவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி எங்கிருந்தோ கணினி வழியாக வந்திருந்தார். ஓய்வுபெற்ற பெரியவர், நிறுவனம் வெளியிலிருந்து அழைத்த ஆள். பேனாக்காரரும் மீசைக்காரரும் கிடங்கின் கூட்ட அறையில் நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி, அதன் தலையில் கேமரா. டிவியில் எது தெரிய வேண்டும் என்பது பேனாக்காரரின் மடிக்கணினியில் இருந்தது. காலையில் ஒத்திகை பார்த்தபோதே அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"சார், நான் எப்பவும் அவர் கண்ணுக்குத் தெரியணும். நான் தெரியலைன்னா அவரைப் பொறுத்தவரைக்கும் அந்த ரூம்ல யாருமே பேசலைன்னு அர்த்தம்."

கவலையே வேண்டாம், பெரிய டிவி வாங்கி மாட்டியிருக்கிறோம் என்று பேனாக்காரர் பெருமையாகச் சொன்னார்.

இப்போது அந்தப் பெரிய டிவியில் ஃபோர்க்லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. தன் கணினியில் அந்தப் படத்தை ஒரு பக்கமும் ஆட்களை ஒரு பக்கமும் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் அவள். அதனால் அந்தக் கூட்ட அறை தீப்பெட்டி அளவில் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மீசைக்காரர் தலையாட்டுவதும் தெரிந்தது. புரிகிறது போல என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் அவர் கண்ணைக் கவனித்தாள். சைகையில் கேட்பவரின் பார்வை பேசுகிறவரின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; இறங்காது. இவருடைய கண்கள் இடமிருந்து வலமாக ஓடி, பேனாக்காரர் வாயில் போய் நின்று, திரும்பவும் டிவிக்கு ஓடின. பஸ் போர்டு படிக்கத் தெரியாதவர் நிறுத்தத்தில் நின்று தேடுவதைப் போன்ற பார்வை அது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அங்கே இல்லை. படத்தை முழுத்திரையில் போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் எங்கேயோ புதைந்து கிடந்துகொண்டு இவ்வளவு நேரம் காற்றைத் துழாவியிருக்கிறாள்.

"மன்னிக்கணும், நிறுத்துங்க," என்றாள். "என்னை அவருக்குத் தெரியலை."

பேனாக்காரர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். அட ஆமாம் என்று சிரித்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். மீசைக்காரரின் கண் சட்டென்று வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. எங்கே போனாய் என்று கேட்டது அந்தப் பார்வை. அவள் விட்டதையெல்லாம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

ஆனால் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி தெரிகிறது, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை, முன்பு இருந்தபடியே பெரிதாகப் போடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது; வயதானவர், கண் அப்படி. பாதித் திரையில் படமும் பாதியில் தன்னையும் வைக்க வழி இருக்கிறது, எந்தப் பொத்தான் என்று தானே சொல்கிறேன் என்றாள் அவள். அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன்தான் செய்ய வேண்டும், அவன் இன்றைக்கு லீவு என்றார் பேனாக்காரர். மேலும் படத்தை அவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருந்தார். ஒவ்வொரு வரியும் ஓரத்திலிருந்து பறந்து வந்து உட்காரும். அதை மூலையில் ஒடுக்கிக் காட்ட அவருக்கு மனசு வருமா?

மறுபடியும் முழுத்திரை. இந்த முறை அவள் தடுத்துப் பேசப் பேச பேனாக்காரர் தன் குரலை உயர்த்திக்கொண்டே போனார். வரிகள் பறந்து வந்து உட்கார்ந்தன. தொழிலாளிக்குப் பயிற்சி தரப்பட்டது. சுழல்விளக்கு பற்றி விளக்கப்பட்டது. விபத்து நாளில் விளக்கு எரிந்தது. மீசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து அவருக்கு எப்போதுமே இரண்டாம் மொழி. கடைப்பலகை, சம்பளச் சீட்டு அளவுக்குப் படிப்பார். இந்த மாதிரி வாக்கியங்கள் அவருக்கு அடைத்த கதவு.

"ஒப்புக்கொள்றீங்களா?" என்று பேனாக்காரர் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை அகலத் திறந்து, நல்ல சிரிப்போடு கேட்டார்.

மீசைக்காரரும் சிரித்தார். தலையாட்டினார்.

"ஒப்புக்கொண்டார்னு பதிவு பண்ணிக்கலாம் சார்."

"சார், அது ஒப்புதல் இல்ல," என்று அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "நீங்க கேட்டது என்னன்னே அவருக்குத் தெரியாது. நான் அவர் கண்ணுல படவேயில்லை."

"மேடம், நீங்க மொழிபெயர்க்க வந்திருக்கீங்க. வாதாட வரலை. அவர் தலையாட்டினதை நாங்க எல்லாரும்தானே பார்த்தோம்?"

மொழிபெயர்ப்பு நடக்காதபோது நடக்கவில்லை என்று சொல்வதும் என் வேலைதான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவள் படத்துக்குக் கீழே இருந்த மைக்கின் மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அங்கிருந்து அணைத்துவிட்டார்கள். திறக்கப் பார்த்தாள், திறக்கும் உரிமை அவர்கள் கையில். முகத்தை முதலில் மூடினார்கள், இப்போது வாயையும் மூடிவிட்டார்கள். கேட்க மட்டும் முடிந்தது. நன்றாகவே கேட்டது. பேனாவின் டிக் டிக் சத்தம்கூடக் கேட்டது.

மேசையை ஓங்கிக் குத்தினாள். பேனா டப்பா துள்ளி விழுந்து மோதிரம் கட்டிலுக்கடியில் உருண்டது. அந்த அதிர்வு தரை வழியாகப் போயிருக்க வேண்டும்; அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கையில் பாதி மடித்த துண்டு. என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டாள். அவள் கேமராவுக்கு வெளியே கையைத் தாழ்த்தி, வேகவேகமாகச் சொன்னாள். அம்மா திரையில் தெரிந்த மீசைக்காரரைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகக் கையசைத்தாள்.

"நானா இருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஆட்டலைன்னா திரும்பத் திரும்பக் கேட்பாங்க. ஆட்டினா விட்டுடுவாங்க."

அவளுக்கு அம்மா மேலும் கோபம் வந்தது. சொல்லப்போனால் எல்லாரையும்விட அம்மா மேல்தான் அதிகம் வந்தது. இந்தத் தலையாட்டலைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். கடைக்காரரிடம், டாக்டரிடம், டீச்சரிடம், பக்கத்து வீட்டில் வலிய வந்து வாயசைக்கிறவர்களிடம், எல்லாரிடமும் அதே சிரிப்பு, அதே ஆட்டல். வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா தலையாட்டி அனுப்பிவைத்தாள். வீட்டைக் காலி பண்ணச் சொன்னார் என்பது, சாமான்களை ஆட்கள் தெருவில் இறக்கி வைத்தபோதுதான் தெரிந்தது. நீங்கள்தான் சரி என்றீர்களே அம்மா என்று அந்தச் சொந்தக்காரர் சத்தியம் செய்தார். பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. தெருவில் கிடந்த மெத்தையின் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. ஏன் அம்மா புரியாமல் ஆட்டினாய் என்று அன்றைக்குக் கேட்டாள். அதற்கும் அம்மா தலையாட்டினாள்.

திரையில் பேனாக்காரர் அடுத்த படத்துக்குப் போயிருந்தார். மீசைக்காரர் இன்னும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். அதற்கும் சிரிப்பார்.

அவள் கைபேசியை எடுத்தாள். விசாரணை நடக்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு தரப்பைத் தனியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. விதி அது. சான்றிதழையே பறித்துவிடலாம். மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் புதைக்கலாமா என்பதற்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. போகட்டும் என்று மீசைக்காரர் எண்ணைத் தட்டினாள், வீடியோ அழைப்பு. கணினியில் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. பேனாக்காரர் போனை வைக்கும்படி கை காட்டினார். மீசைக்காரர் வைக்கத்தான் செய்தார். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, தன் முகத்துக்கு நேராக.

இரண்டு கையும் வேண்டும் என்பதால் அவளும் கைபேசியைக் கணினி மேல் சாய்த்துவைத்தாள். சுருக்கமாகச் சொன்னாள். அன்று விளக்கு எரிந்தது, ஒப்புக்கொள்கிறீர்களா என்று பேனாக்காரர் கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மீசைக்காரர் நிமிர்ந்து பேனாக்காரரைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, மற்றவர்களுக்குக் கேட்டது. இரண்டு கையையும் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பேச ஆரம்பித்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் கூடவே வந்தது. அவரையறியாமல் வந்த சத்தம்.

"என்னப்பா சொல்றாரு?" என்றார் பெரியவர். "அந்தம்மா எங்க, ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க?"

"நெட்வொர்க் பிரச்சினை போல சார்."

பொய்யைக் கேட்டு அவள் பல்லைக் கடித்தாள். கேமராவுக்கு முன்னால் வாயை விரலால் காட்டி, கையால் வெட்டிக் காட்டினாள். அதுவும் படத்தின் அடியில்தான் போயிருக்கும்.

பெரியவர் விடவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், முதலில் நான் மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்று எரிச்சலாகச் சொன்னார். பேனாக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு பொத்தானைத் தட்டினார். ஃபோர்க்லிஃப்ட் மறைந்தது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய கண்ணுக்கு அந்தச் சிவப்புக் கோடு எப்படியோ தெரிந்துவிட்டது. அதைத் திறக்கச் சொன்னார். திறந்தது. மீசைக்காரரோ டிவி பக்கம் திரும்பவே இல்லை. இனி அதை நம்புவதாக இல்லை. பாட்டிலில் சாய்ந்திருந்த சின்ன முகம் ஒன்றே போதும் என்று அதைப் பார்த்தே கையசைத்தார்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. யாருக்காகப் பேசுகிறார்களோ அவராகவே பேச வேண்டும். அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்பதெல்லாம் கிடையாது. நான் என்றால் நான்தான்.

"விளக்கு எரியலை," என்றாள் அவள். குரல் நடுங்கியது, அந்த நடுக்கம் மட்டும் அவளுடையது. "பல நாளாவே எரியலை. நான் தலையாட்டினது ஒப்புக்கிட்டதுக்கு இல்ல. எனக்கு ஒண்ணும் புரியலைங்கறதுக்கு."

பெரியவர் எழுதினார். எழுதிவிட்டு, எரியவில்லை என்றால் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டுமே, யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் அதைக் கைபேசிக்குச் சொன்னாள். கேட்கும்போதே பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று.

மீசைக்காரர் கட்டைவிரலால் காற்றில் ஒரு பேனாவைத் தட்டினார். அது போதாதென்று விரலை நேராக மேசைக்கு எதிர்ப்பக்கம் நீட்டினார்.

"இவர்கிட்டதான்," என்றாள் அவள். "இவர் கிடங்கைச் சுத்திப் பார்க்க வந்தப்போ கையைப் பிடிச்சு வண்டிகிட்ட கூட்டிட்டுப் போனேன். விளக்கைக் காட்டினேன். எரியலைன்னு சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சார். தலையாட்டினார். முதுகுல தட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டார். நானும் சரி பண்ணிடுவாங்கன்னு இருந்துட்டேன்."

டிக் டிக் சத்தம் நின்றிருந்தது. பெரியவர் நிமிர்ந்தார். அப்படி நடந்ததா என்று பேனாக்காரரைக் கேட்டார். பேனாக்காரர் தொண்டையைச் செருமினார். மீசைக்காரரைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், கடைசியில் மேசையைப் பார்த்தார்.

"ஏதோ காட்டினார் சார். கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. பாவம், மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான் தலையாட்டினேன்."

அதையும் அவள்தான் சொல்ல வேண்டும். அப்போது அவள் பேனாக்காரர். நான் என்றால் அந்த ஆள். பாவம் என்ற சொல்லை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் கையில் வைத்தாள். விரல் கூசியது. எனக்குப் புரியவில்லை. நான் தலையாட்டினேன். கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மீசைக்காரர் ஆத்திரப்படுவார் என்று நினைத்தாள். அவர் கை மார்புக்கருகே சின்னதாக, கிட்டத்தட்டச் சோம்பேறித்தனமாக அசைந்தது.

"எனக்கும் அப்படித்தான்," என்றாள்.

 விழுந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. பேனாக்காரர்தான் முதலில் சுதாரித்தார். குரலைப் பழையபடி அலுவல் குரலாக மாற்றிக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப முதல்ல பதிவு பண்ணினது சார்? ஒப்புக்கொண்டார்னு இருக்கே. அது இருக்கட்டுமா, எடுத்துடவா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திக்கொண்டார். கண்ணாடி இல்லாத அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. எங்கேயோ பார்த்தபடி, மெதுவாக, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினார். பேனாக்காரர் சரி சார் என்றார். எதற்குச் சரி என்றார் என்று தெரியவில்லை.

மீசைக்காரர் கைபேசிக்குக் குனிந்தார். புருவம் இரண்டும் ஏறி நின்றன. என்ன சொன்னார்?

அவள் கையைத் தூக்கினாள். இரண்டு கையும் மார்பளவுக்கு வந்து, விரல்கள் விரிந்து, அங்கேயே நின்றன. கணினியில் பெரியவரின் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.